வெள்ளிப்பூக் கண்ணாடிச் சாமான்கள்: அடையாளம் காண்பதும் விலை மதிப்பதும்

மாமியார் காலமான அடுத்த வருடம், படைப்பு (முன்னோருக்குச் செய்யும் வழிபாடு) முடிந்த கையோடு ஊர் வீட்டுச் சாமான் அறையைத் திறந்தோம். எவர்சில்வர், பித்தளை, பீங்கான் எல்லாம் எங்களுக்குத் தெரிந்தவை. அடியில் ஒரு மரப்பெட்டி. அதற்குள் பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பதினொரு கண்ணாடிச் சாமான்கள். கண்ணாடிமேல் பூவும் கொடியுமாக வெள்ளி படர்ந்து, அந்த வெள்ளி முழுக்கக் கறுத்துக் கிடந்தது. பலகாரத் தட்டு, மூடி போட்ட கிண்ணம், பால் ஜாடி, சர்க்கரைக் கிண்ணம், இரண்டையும் வைக்கும் தட்டம், கூஜா மாதிரி ஒரு குப்பி. எங்கள் வீட்டில் இதை வெள்ளிப்பூக் கண்ணாடி என்று சொல்வோம். வெளியுலகில் சில்வர் ஓவர்லே கண்ணாடி என்பார்கள்.

அந்தப் பதினொன்றில் இரண்டை 1,800 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டேன். ஒன்று புளி போட்டுத் தேய்த்ததில் கெட்டுப்போனது. மிச்சமிருக்கும் எட்டைப் பற்றி உருப்படியாகத் தெரிந்துகொள்ள எனக்கு ஏழு மாதம் ஆனது. செட்டிநாட்டில் இப்படிப் பெட்டி வைத்திருக்கும் வீடுகள் நிறைய. மூன்று நாள் லீவில் வந்து, வீட்டைத் திறந்து, அவசரத்தில் கொடுத்துவிட்டுப் போகிறவர்களும் நிறைய. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. துடைக்காதீர்கள், எடைபோடாதீர்கள், பிரிக்காதீர்கள்

பெட்டியைத் திறந்ததும் கை பரபரக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். கறுப்பு அப்படியே இருக்கட்டும். பார்க்கப்போனால் அந்தக் கறுப்புதான் இது வெள்ளி என்பதற்கு முதல் சாட்சி.

தரையில் கனமான ஜமுக்காளம் விரித்து, அதன்மேல் ஒவ்வொன்றாக வையுங்கள். ஆத்தங்குடிக் கல் மேலோ சலவைக்கல் மேலோ நேராக வைத்தால் ஒரு சின்னத் தட்டல் போதும், விளிம்பு போய்விடும். மூடி உள்ளதை மூடியைப் பிடித்துத் தூக்கக் கூடாது. கைப்பிடியைப் பிடித்தும் தூக்கக் கூடாது. அடியில் ஒரு கை, பக்கத்தில் ஒரு கை.

ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுங்கள். எண்ணைச் சாமான்மேல் ஒட்ட வேண்டாம். செல்லோ டேப் வெள்ளியைப் பிய்த்துக்கொண்டு வரும். சீட்டில் எழுதிப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, அடிப்பாகம் ஒன்று, முத்திரை இருந்தால் கிட்டத்தில் ஒன்று, குறை இருந்தால் அதற்கு ஒன்று. முற்றத்தில் காலை வெயில் நேராக விழாத இடம் நல்லது. பளிச்சென்ற ஃப்ளாஷில் வெள்ளி வெறும் வெள்ளைப் புள்ளியாகத்தான் விழும்.

உயரம், விட்டம் இரண்டையும் சென்டிமீட்டரில் எழுதிக்கொள்ளுங்கள். சேர்ந்தாற்போல் கிடைத்தவை எவை என்பதையும் எழுதுங்கள். இதை நான் செய்யவில்லை. பால் ஜாடியும் சர்க்கரைக் கிண்ணமும் தனி, தட்டம் தனி என்று நினைத்து முதல் இரண்டையும் விற்றுவிட்டேன். தட்டத்தில் அவை இரண்டும் உட்காரும் இரண்டு வட்டம் இருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். அந்தத் தட்டம் இப்போது ஜோடி இல்லாமல் என் வீட்டில் இருக்கிறது.

2. இது யாருடைய சாமான்?

இந்தப் படியை எல்லோரும் தாண்டிவிடுகிறார்கள். விலை பேசி முடித்த பிறகு சண்டை வருவது இங்கேதான்.

ஊர் வீட்டில் இருப்பதெல்லாம் பொதுச் சொத்து இல்லை. ஒரு பெண் சீராகக் கொண்டுவந்த சாமான் அவருடைய சொந்தச் சொத்து. அவர் இருக்கும்வரை முடிவு அவருடையது. உயில் எழுதாமல் போனால், இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15-வது பிரிவுப்படி மகன்கள், மகள்கள், கணவர் எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு. கட்டிக்கொடுத்த நாத்தனாருக்கும் சேர்த்துத்தான். மாமியார் சீரைப் பங்காளிகள் மட்டும் பிரித்துக்கொள்ள முடியாது.

சீராக வந்ததா, வீட்டுக்கு வாங்கியதா என்று எப்படித் தெரியும்? கல்யாணச் சாமான் சிட்டை இருந்தால் அதுதான் முதல் ஆதாரம். பழைய கணக்கு நோட்டுகளோடு சேர்த்து வைத்திருப்பார்கள், தேடுங்கள். எங்கள் வீட்டில் இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. அதில் "கண்ணாடித் தட்டு வெள்ளி வேலை" என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரியால் நாத்தனார் இருவருக்கும் முறையாகச் சொல்லிச் செய்ய முடிந்தது. பாத்திரமாக இருந்தால் விலாசம் (குடும்பத்தின் பெயரெழுத்துகள்) வெட்டியிருப்பார்கள், கண்ணாடியில் அது இருக்காது. சிலர் அடியில் பெயிண்டில் இரண்டு எழுத்து எழுதியிருப்பார்கள். அதைச் சுரண்டி விடாதீர்கள். பிற்பாடு பார்க்கிறவருக்கு அதுவும் ஒரு வரலாறு, விலையும் அதனால் குறையாது.

எல்லோரும் ஒத்துக்கொண்டால் ஒரு வெள்ளைத்தாளில் சாமான் எண், விவரம், இன்னார் விற்க எங்களுக்குச் சம்மதம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஒரு மின்னஞ்சல் அனுப்பினால்கூட எழுத்தில் இருக்கும். எனக்கு இது முடிய மூன்று வாரம் ஆனது.

3. உண்மையில் வெள்ளிதானா?

மூன்று பொருள்கள் வேண்டும்: பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், புற ஊதா டார்ச், மெல்லிய பருத்தித் துணி. லென்ஸ் 250 ரூபாய், டார்ச் 400 ரூபாய் என்று வாங்கினேன்.

முதலில் நகம். வெள்ளிப் பூவின் ஓரத்தில் விரல் நகத்தை மெதுவாக, அழுத்தாமல் ஓட்டுங்கள். கண்ணாடியிலிருந்து வெள்ளிக்கு ஏறும்போது ஒரு சின்னப் படி தட்டுப்பட வேண்டும். பழைய கனமான வேலையில் படி நன்றாகவே தெரியும். பிற்காலத்து மெல்லிய வேலையில் லேசாகத் தெரியும். ஒன்றுமே தட்டாமல் வழுக்கினால் அது வெள்ளிச் சாயமாக இருக்கலாம்.

அடுத்து, தெளிந்த கண்ணாடியாக இருந்தால் திருப்பிப் பிடித்துப் பின்பக்கம் வழியாகப் பாருங்கள். கண்ணாடியின்மேல் வெள்ளி கலந்த ஒரு குழம்பால் பூவை வரைந்து, சூளையில் சுட்டு, அப்புறம் வெள்ளிக் கரைசலில் அமிழ்த்தி மெல்லிய மின்சாரம் செலுத்துவார்கள். வரைந்த இடத்தில் மட்டும் வெள்ளி சிறிது சிறிதாக ஏறும். அதனால் பின்பக்கத்தில் பூ பளபளக்காது, மங்கலாகத் தெரியும். முன்பக்கம் மினுக்கம், பின்பக்கம் மங்கல் என்றால் நல்ல அறிகுறி.

லென்ஸில் பூவின் நரம்புகளைப் பாருங்கள். நல்ல வேலையில் வெள்ளி ஏறிய பிறகு கையால் உளி வைத்துச் செதுக்கியிருப்பார்கள். கோட்டின் ஆரம்பம் ஒல்லியாக, நடுவில் அகலமாக, முடிவில் மறுபடி ஒல்லியாக இருக்கும். என்னிடம் உள்ள பலகாரத் தட்டில் ஒரு இலையில் மட்டும் உளி சறுக்கி நரம்பு இலைக்கு வெளியே ஒரு மயிரிழை போயிருக்கிறது. அச்சு வேலையில் இப்படி இருக்காது, எல்லா இலையும் ஒரே மாதிரி இருக்கும்.

குழப்பும் பொருள்கள் நான்கு உண்டு. இரட்டைச் சுவர்க் கண்ணாடிக்குள் ரசம் பூசியது ஒன்று, அதில் வெள்ளி உள்ளே இருக்கும், தொட முடியாது. வாய் விளிம்பிலோ கழுத்திலோ மட்டும் வெள்ளிப் பட்டை போட்டது இன்னொன்று. அது நல்ல சாமான்தான், ஆனால் வேறு வகை. பட்டையில் நடக்கும் சிங்கம் பொறித்திருந்தால் இங்கிலாந்து ஸ்டெர்லிங் (ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி). மூன்றாவது, கம்பி வேலைக் கூட்டுக்குள் கண்ணாடிக் கிண்ணத்தை இறக்கி வைத்தது. கிண்ணத்தைத் தனியாக எடுக்க முடிந்தால் அது ஓவர்லே இல்லை. நான்காவது சாயம் அச்சடித்தது.

இங்கே ஒரு பொறியைச் சொல்லியாக வேண்டும். கடையில் நான் கேட்டபோது வந்த பதில் இது: "ஆச்சி, அடியில ஜெர்மனின்னு போட்டிருக்கு பாருங்க. இது ஜெர்மன் சில்வர். வெள்ளியே கிடையாது." நான் நம்பிவிட்டேன். ஜெர்மன் சில்வர் என்பது செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை. அதில் வெள்ளி இல்லை என்பது சரி. ஆனால் ஜெர்மனியில் செய்த சாமான் என்பது வேறு, ஜெர்மன் சில்வர் என்பது வேறு. ஜெர்மனியில் ஷ்வேபிஷ் க்முண்ட் என்ற ஊரில் ஃப்ரீட்ரிக் டாய்ஷ் போன்ற பட்டறைகள் பீங்கான்மேலும் கண்ணாடிமேலும் ஏற்றியது சுத்த வெள்ளி. 1000/1000 என்றே முத்திரை போட்டார்கள்.

இத்தனைக்குப் பிறகும் சந்தேகம் இருந்தால், தங்கத்துக்குக் காரட் பார்க்கும் மெஷின் உள்ள நகைக்கடைக்கோ ஹால்மார்க் மையத்துக்கோ கொண்டுபோங்கள். எக்ஸ்ரே கதிரை மேலே பாய்ச்சிப் பார்ப்பார்கள், கீறல் விழாது. என்னிடம் ஒரு சாமானுக்கு 100 ரூபாய் வாங்கினார்கள். மின்சாரத்தில் ஏறிய வெள்ளி பெரும்பாலும் சுத்த வெள்ளி என்பதால், ஸ்டெர்லிங் என்று முத்திரை இருந்தாலும் மெஷின் 925-க்கு மேல் காட்டலாம். பயப்பட வேண்டாம். வெள்ளி மெல்லியதாக இருந்தால் அடியில் உள்ள கண்ணாடியின் ஈயத்தையும் சேர்த்துக் காட்டும், அதுவும் கலப்படம் இல்லை. உரைகல்லில் தேய்க்கவோ அமிலம் விடவோ யாரையும் விடாதீர்கள். ஒரு சொட்டு அமிலத்தின் தடம் நிரந்தரம்.

4. முத்திரையைத் தேடுங்கள், வயதைக் கணியுங்கள்

முத்திரை பெரும்பாலும் அடிவட்டத்தை ஒட்டிய வெள்ளியில், எள் அளவு எழுத்தில் இருக்கும். சிலவற்றில் கொடியின் தண்டுக்கு நடுவே ஒளிந்திருக்கும். கறுப்பு ஏறி மறைந்திருந்தால் வாயால் ஊதி, ஈர மூச்சு படும்போது லென்ஸில் பாருங்கள். எழுத்து ஒரு நொடி தெளியும்.

கண்ணாடி செய்தவர் ஒருவர், வெள்ளி ஏற்றியவர் வேறொருவர் என்பதை நினைவில் வையுங்கள். அதனால் ஒரே சாமானில் இரண்டு முத்திரை இருக்கலாம். வைரக்கட்டத்துக்குள் ஆங்கில ஹெச் எழுத்து இருந்தால் அது ஹெய்சி என்ற அமெரிக்கக் கண்ணாடித் தொழிற்சாலை, 1957-இல் மூடப்பட்டது. அதன்மேல் வெள்ளி வேலை செய்தது இன்னொரு பட்டறை. 999/1000 என்ற எண் இருந்தால் அமெரிக்காவின் ஆல்வின் நிறுவனத்தைத் தேடுங்கள். வெறுமனே ஸ்டெர்லிங் என்று ஆங்கிலத்தில் இருந்தால் அமெரிக்க வேலையாக இருக்க வாய்ப்பு அதிகம். கனெக்டிகட் மாநிலத்து மெரிடன் ஊரில் இருந்த ராக்வெல், சில்வர் சிட்டி ஆகிய நிறுவனங்களின் சாமான்கள் நிறையப் புழங்குகின்றன.

முத்திரையே இல்லாத நல்ல சாமான்களும் ஏராளம். என் எட்டில் மூன்றுக்குத்தான் முத்திரை இருக்கிறது.

வயதைப் பொறுத்தவரை, மின்சாரத்தால் வெள்ளி ஏற்றும் இந்த முறைக்கு பர்மிங்காமைச் சேர்ந்த எரார்டு காப்புரிமை பெற்றது 1889-இல், அமெரிக்காவில் நியூவார்க்கின் ஷார்லிங் பெற்றது 1893-இல். ஆகவே "இருநூறு வருஷச் சாமான்" என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். செக்கோஸ்லோவாக்கியா என்று இருந்தால் 1918-க்குப் பிந்தியது, அந்த நாடு பிறந்ததே அப்போதுதான். மேற்கு ஜெர்மனி என்று இருந்தால் 1949-க்குப் பிந்தியது.

வேலையைப் பார்த்தும் ஓரளவு சொல்லலாம். கனமான வெள்ளி, கண்ணாடியைப் பாதிக்குமேல் மூடும் வளைந்து நெளியும் கொடிகள், கைச் செதுக்கல், நிறக் கண்ணாடி என்றால் 1890 முதல் 1920 வரையான காலமாக இருக்கலாம். மெல்லிய வெள்ளி, தெளிந்த கண்ணாடி, இடம்விட்டு இடம்விட்டுப் பூ, அகலமான பலகாரத் தட்டு, தடுப்பு வைத்த ஊறுகாய்த் தட்டு என்றால் 1930-களிலிருந்து 1950-கள் வரை. இந்த வித்தியாசம் விலைக்கு மட்டும் இல்லை, சட்டத்துக்கும் வேண்டும். கீழே சொல்கிறேன்.

5. குறையை நீங்களே முதலில் கண்டுபிடியுங்கள்

இருட்டறையில் புற ஊதா டார்ச்சை அடித்துப் பாருங்கள். ஒட்டவைத்த இடத்தில் பசை பெரும்பாலும் வெளிர் நீலமாகவோ மஞ்சளாகவோ ஒளிரும். கண்ணாடி முழுவதுமே பச்சையாக எரிந்தால் அது யுரேனியம் கலந்த கண்ணாடி. அதற்கென்று தனியாகச் சேகரிப்பவர்கள் உண்டு.

விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டுங்கள், சில்லு கண்ணில் படாது, விரலில் படும். வெள்ளிக்கு அடியில் ஓடும் விரிசல்தான் மோசமானது. பின்பக்கம் வழியாக வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் ஒரு வெள்ளிக்கோடு மின்னும். வெள்ளி எங்காவது கண்ணாடியை விட்டு எழும்பியிருக்கிறதா என்று ஓரங்களைப் பாருங்கள். எழும்பிய இடத்தைக் கையால் அமுக்காதீர்கள், ஒட்டாது, ஒடியும்.

குப்பியின் மூடியும் கழுத்தும் ஒன்றுக்கொன்று சொந்தமா என்பது முக்கியம். பழைய குப்பிகளில் மூடியின் தண்டிலும் கழுத்தின் வாயிலும் ஒரே எண்ணைக் கீறியிருப்பார்கள். என் குப்பியில் இரண்டிலும் 47. லென்ஸ் வைத்துத் தேட ஒரு மணி நேரம் ஆனது. அந்த இரண்டு எண்கள் பொருந்தியதைப் பார்த்த சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது. எத்தனையோ தடவை கைமாறியும் யாரோ ஒருவர் மூடியைத் தொலைக்காமல் பத்திரமாக வைத்திருக்கிறார்.

குப்பிக்குள் வெண்படலம் இருந்தால், தண்ணீரோ பானமோ நாள்பட நின்று கண்ணாடி அரித்திருக்கலாம். கழுவிப் போகாவிட்டால் அது போகாத குறைதான். விற்கும்போது சொல்லிவிடுங்கள்.

6. துடைப்பதென்றால்

விற்பதற்கு என்றால் துடைக்கவே வேண்டாம். வாங்குகிறவர்களுக்குக் கறுப்பு பழகிய விஷயம். வீட்டில் வைத்துக்கொள்ளத்தான் என்றால் மேற்கொண்டு படியுங்கள்.

வெள்ளிக் குத்துவிளக்குக்குச் செய்வதை இதற்குச் செய்யக் கூடாது. புளி, எலுமிச்சை, சாம்பல், விபூதி, சபீனா, பற்பசை எதுவும் வேண்டாம். எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மா நல்ல மனதோடு ஒரு கிண்ணத்தைப் புளியில் ஊறவைத்துத் தேய்த்துவிட்டார். ஏற்கெனவே லேசாக எழும்பியிருந்த இதழ் ஒன்று தேய்த்த வேகத்தில் பிய்ந்து போனது. செதுக்கலுக்குள் இருந்த கறுப்பும் போய், பூ தட்டையாகிவிட்டது. தப்பு அவர்மேல் இல்லை, நான் சொல்லி வைத்திருக்க வேண்டும். வீட்டில் எல்லோரிடமும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இப்படிச் செய்யுங்கள். கை சூட்டுக்குமேல் போகாத தண்ணீர், இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம், மெல்லிய துணி. உடனே துடைத்து நிழலில் உலர்த்துங்கள். வெள்ளிக்கென்று விற்கும் கிரீமைப் பஞ்சில் தொட்டு, பூவின்மேல் மட்டும் ஒரே திசையில் தடவுங்கள். பளிச்சென்று ஆகும்வரை போகாதீர்கள், செதுக்கல் பள்ளங்களில் கொஞ்சம் கறுப்பு நிற்கட்டும், அப்போதுதான் பூ எழுந்து தெரியும். அலுமினியத் தாளும் சோடா உப்பும் போட்டு முக்கி எடுக்கும் முறையை இதற்குச் செய்யாதீர்கள். தண்ணீர் வெள்ளிக்கு அடியில் புகும்.

எடுத்து வைக்கும்போது ரப்பர் பேண்ட் போடாதீர்கள், அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். செய்தித்தாளும் வேண்டாம். துவைத்த பருத்தித் துணி போதும். பலகாரம் பரிமாறலாம், நானும் பரிமாறுகிறேன், ஆனால் உப்பும் முட்டையும் வெள்ளியைப் பழுதாக்கும். சீயமும் அதிரசமும் வைக்கலாம், ஊறுகாயும் முட்டையும் வேண்டாம்.

7. விலை எப்படிப் போடுவது

வெள்ளிக்கடையில் தராசில் வைத்தால் என்ன வரும் என்று ஒரு கணக்குப் பார்ப்போம். 25 செ.மீ விட்டமுள்ள தட்டு. பரப்பு சுமார் 490 சதுர செ.மீ. அதில் மூன்றில் ஒரு பங்கை வெள்ளி மூடியிருக்கிறது, வெள்ளியின் தடிமன் 0.05 மி.மீ என்று வைத்துக்கொள்ளுங்கள். கன செ.மீக்கு வெள்ளி 10.5 கிராம். பெருக்கிப் பார்த்தால் சுமார் எட்டரை கிராம். ஒரு ஜோடி மெட்டியளவு. அதை எடுக்கத் தட்டையே உடைக்க வேண்டும். எடைக்கு விற்பது நட்டம். உள்ளதெல்லாம் வேலைப்பாட்டுக்கும் கண்ணாடிக்கும் இரண்டும் குறையில்லாமல் சேர்ந்திருப்பதற்கும் கிடைக்கிற விலைதான்.

விலையை ஏற்றுபவை இவை. நிறம் முதலில்: பச்சை, கருநீலம், சிவப்புக் கண்ணாடிக்குத் தெளிந்த கண்ணாடியைவிட நல்ல விலை. அடுத்து வெள்ளியின் கனமும் செதுக்கலும். அப்புறம் முழு செட். குப்பி, ஜாடி ஆகியவை தட்டுகளைவிட மேல். பெயர் பெற்ற முத்திரை. இறக்குபவை: சில்லு, விரிசல், பூவில் தேய்மானம், வேறு ஜோடி மூடி, யாருடைய பெயரெழுத்தாவது செதுக்கியது.

இணையத்தில் பார்க்கும்போது கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். யாரும் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். ஈபேயில் விற்று முடிந்தவை என்று தனியாக வடிகட்டிப் பார்க்க வசதி இருக்கிறது. அதில் அதே வகை, அதே அளவு, அதே நிலையில் ஐந்தாறு சாமான்களைக் குறித்துக்கொண்டு, மிக அதிகமானதையும் மிகக் குறைந்ததையும் விட்டுவிட்டு நடுவில் உள்ளதை எடுங்கள். 1940-களின் சாதாரணத் தெளிந்த கண்ணாடித் தட்டுகள் அமெரிக்காவில் இருபது முதல் ஐம்பது டாலருக்குள்தான் பெரும்பாலும் போகின்றன. பழைய பச்சைக் கண்ணாடியில் கனமான வெள்ளி ஏறிய குப்பி என்றால் பல நூறு டாலர். இரண்டுக்கும் இடையில் உங்கள் சாமான் எங்கே நிற்கிறது என்று மனத்தாங்கல் இல்லாமல் பார்க்க வேண்டும். என் எட்டில் ஐந்து சாதாரண வகை. அது தெரிந்தபோது ஏமாற்றமாகத்தான் இருந்தது, ஆனாலும் தெரிந்துகொண்டது நல்லது.

அங்கே விற்ற விலை இங்கே கிடைக்காது. கடைக்காரருக்கு இடம், ஆள், விற்கும்வரை காத்திருக்கும் காலம் எல்லாம் உண்டு. அவர் விற்கக்கூடிய விலையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை உங்களுக்குக் கொடுத்தால் நியாயமான பேரம் என்று எடுத்துக்கொள்கிறேன். ஏலத்தில் கொடுத்தால் விற்பவரிடம் கமிஷன், படம் எடுக்க, காப்பீடு என்று தனித்தனியாகப் பிடிப்பார்கள். எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள்.

8. காரைக்குடிக் கடைத்தெருவில்

முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குப் போகாமல் இந்த வேலை முடியாது, போகவும் வேண்டும். பல வருடம் இதையே பார்த்தவர்களுக்குக் கையில் எடுத்ததும் தெரிந்துவிடும். மரியாதையாகக் கேட்டால் சொல்லித்தருகிறவர்களும் இருக்கிறார்கள்.

முதல் தடவை சாமானைக் கொண்டுபோகாதீர்கள், படங்களைக் கொண்டுபோங்கள். மூன்று கடையில் காட்டுங்கள். அதே மாதிரி சாமான் கடையில் இருந்தால் வாங்குகிறவராக விலை கேளுங்கள். விற்கிற விலை ஓரளவு புரியும். "பெட்டியோட மொத்தமா குடுத்துடுங்க ஆச்சி" என்றால் ஒத்துக்கொள்ள வேண்டாம். மொத்தமாகக் கேட்பவர் அதில் ஏதோ ஒன்றைத்தான் கேட்கிறார். எனக்கு அது நடந்தது. அதேபோல ஊரைவிட்டுக் கிளம்பும் நாளைச் சொல்லாதீர்கள்.

வாங்க வந்தவர்களுக்கும் ஒன்று: கடையில் நகத்தையும் லென்ஸையும் உபயோகிக்கக் கூச்சப்படாதீர்கள். நல்ல கடைக்காரர் தடுக்க மாட்டார்.

9. காகிதங்கள்

விற்றாலும் வாங்கினாலும் ரசீது வேண்டும். "கண்ணாடிச் சாமான் 1" என்ற ரசீது எதற்கும் உதவாது. அளவு, நிறம், முத்திரை, குறை, விலை, தேதி, இருவர் பெயரும் வேண்டும். இரண்டு லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. வருமான வரிச் சட்டம் தடுக்கிறது, வங்கி வழியாகப் பெறுங்கள். கைக்கு வந்த தொகைக்கு வரி உண்டா என்பதை உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

1972-ஆம் வருடத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடத்துக்குக் குறையாத கலைவேலைப் பொருள் தொல்பொருள் என்ற கணக்கில் வரும். அதைத் தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று வருடம்வரை சிறை. சிங்கப்பூரில் இருக்கும் மகளுக்கு ஆசையாகச் சூட்கேஸில் வைத்து அனுப்புவதும் இதில் சேரும். தொல்பொருளை வியாபாரமாக விற்கக் கடைக்காரருக்கு உரிமம் வேண்டும், கேட்டுப் பாருங்கள். வீட்டில் வைத்திருப்பதற்குத் தடையில்லை. சிலை, ஓவியம், சுவடி போல் கட்டாயப் பதிவு கண்ணாடிச் சாமானுக்கு இல்லை.

1940-களின் சாமானாக இருந்தாலும் விமான நிலையத்தில் சுங்க அதிகாரிக்குச் சந்தேகம் வரலாம். அதற்காக இந்தியத் தொல்லியல் துறையின் வட்ட அலுவலகத்தில் தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழ் வாங்கலாம். விண்ணப்பம், படங்கள், அடையாள அட்டை நகல், வேண்டுமானால் சாமானையே காட்டச் சொல்வார்கள். டிக்கெட் போட்ட பிறகு இதை ஆரம்பிக்காதீர்கள்.

10. நாள் கணக்கு

கட்டி அனுப்புவதென்றால் மூடியைக் கழற்றித் தனியாகச் சுற்றுங்கள். பூவின்மேல் முதலில் பருத்தித் துணி, அதன்மேல்தான் குமிழிப் பிளாஸ்டிக். குமிழி நேராக வெள்ளியில் பட்டால் வெப்பத்தில் வட்டவட்டமாகத் தடம் விழும். பெட்டிக்குள் பெட்டி, நடுவில் நான்கு விரல்கடை இடைவெளி.

மூன்று நாள் மட்டுமே ஊரில் இருப்பவர்கள் இப்படி வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் எண் போட்டுப் படம் எடுங்கள், சிட்டையைத் தேடுங்கள். இரண்டாம் நாள் காலை லென்ஸும் டார்ச்சும், மாலையில் படங்களோடு கடைத்தெரு. மூன்றாம் நாள் துணியில் சுற்றி, ஒரு பெட்டியில் வைத்து, எண் பட்டியலின் ஒரு பிரதியைப் பெட்டிக்குள்ளேயே போட்டுப் பூட்டிவிட்டுக் கிளம்புங்கள். சம்மதம் வாங்குவது, விலை ஒப்பிடுவது, சான்றிதழ் எல்லாம் அடுத்த இரண்டு மூன்று மாதத்தில் போனிலும் மின்னஞ்சலிலும் நடக்கும். விற்பதை அடுத்த தடவை வீடு திறக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.